உயிர் பிறந்தது கடலிலா, கரையிலா?

மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன், நீராவி. பிளஸ் டூ விலங்கியல் பாடத்தில், உயிரின் மூலப்பொருள்களை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டிய மில்லரின் கண்ணாடிக் குடுவைப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நாலு பெயரும் ஞாபகம் இருக்கும். வடசென்னைக்காரர்களுக்குப் பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே இவற்றோடு பழக்கம் உண்டு. கொடுங்கையூர் குப்பைமேட்டில் தீப்பிடித்தால் லேசில் அணையாததற்கு உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும் மீத்தேனும் ஒரு காரணம். மணலியில் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கந்தகத்தைப் பிரித்தெடுக்க ஹைட்ரஜன் வேண்டும். அமோனியா எப்படி இருக்கும் என்பதை 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். கப்பலிலிருந்து உர ஆலைக்குக் கடலுக்கடியில் போகும் குழாயில் கசிவு. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகக் குழந்தைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரே கிளம்பியது. நீராவிக்குக் கேட்கவே வேண்டாம், அனல் மின்நிலையங்கள் எதற்கு இருக்கின்றன.

திருவொற்றியூரில் டியூஷன் எடுப்பவன் நான். இந்தப் பாடம் வரும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "நாலும் நம்ம ஏரியாலயே இருக்கே சார், அப்புறம் ஏன் இங்க புதுசா உயிர் எதுவும் வரல?" வகுப்பு சிரிக்கும். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதில் பாதிக்கு 1871லேயே விடை எழுதப்பட்டுவிட்டது. மீதிப் பாதிக்காக இன்றும் அடித்துக்கொள்கிறார்கள்.

1871இல் சார்லஸ் டார்வின் தன் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சூடான சிறு குட்டையைக் கற்பனை செய்கிறார். அமோனியாவும் பாஸ்பரஸ் உப்புகளும் கலந்த தண்ணீர். வெளிச்சம், வெப்பம், மின்சாரம். அதில் ஒரு புரதப் பொருள் உருவாகி மேலும் சிக்கலான மாற்றங்களுக்குத் தயாராக நின்றால்? இந்த வரியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே மூச்சில் அவர் சொன்ன இன்னொன்றை விட்டுவிடுவார்கள்: இன்றைக்கு அப்படி ஒரு பொருள் உருவானால் அது அப்போதே தின்னப்பட்டுவிடும், உயிர்கள் தோன்றுவதற்கு முன்பு அந்த ஆபத்து இருந்திருக்காது. எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றில் ஒரு கிராம் எடுத்தால் அதில் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் இருக்கும். எந்த அமினோ அமிலம் தானாக உருவானாலும் அவற்றுக்கு அது சாப்பாடு. போதாக்குறைக்குக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். அரைகுறையாக உருவாகி நிற்கும் கரிமப் பொருளை அது ஆக்சிஜனேற்றிச் சிதைத்துவிடும். ஆக, உயிர் தோன்ற வேண்டுமானால் முதல் நிபந்தனை, அங்கே ஏற்கெனவே உயிர் இருக்கக் கூடாது.

அப்படிப்பட்ட பூமியைத் தேடி நாம் வெகுதூரம் பின்னால் போக வேண்டும். பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்க்கான் படிகங்களில் சில 440 கோடி ஆண்டுப் பழையவை. அவற்றிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம், அப்போதே பூமியில் தண்ணீர் தேங்கியிருந்ததைக் காட்டுகிறது. அதே மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகக் கல்லான தடயங்கள் இருக்கின்றன, வயது 348 கோடி. கிரீன்லாந்திலும் கனடாவிலும் அதைவிடப் பழைய தடயம் என்று சொல்லப்படுபவற்றை நிபுணர்களே ஒருமனதாக ஏற்கவில்லை. இன்று உயிரோடிருக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவான கடைசி மூதாதையின் காலத்தை மரபணுக்களை ஒப்பிட்டுக் கணக்கிட்ட ஓர் ஆய்வு, 2024இல், 420 கோடி ஆண்டுகள் என்று சொன்னது. சென்னையில் நாம் தொட்டுப் பார்க்கக்கூடிய மிகப் பழைய கல் பல்லாவரம் பக்கத்துச் சார்னோகைட் பாறை. அதற்கே சுமார் 250 கோடி வயது. அந்தக் கல் உருவானபோது பூமியில் உயிர் ஏறக்குறைய நூறு கோடி ஆண்டு அனுபவத்தோடாவது இருந்தது.

டார்வின் கடிதத்தில் கிசுகிசுத்ததை அறிவியல் கருதுகோளாக்கியவர்கள் இருவர். 1924இல் மாஸ்கோவில் ஒரு சிறு நூலாக அலெக்சாந்தர் ஒபாரின். 1929இல், அவரைப் படிக்காமலே, இங்கிலாந்தில் ஜே.பி.எஸ். ஹால்டேன். ஆதிக் காற்றில் ஆக்சிஜன் இல்லை, புற ஊதாக்கதிர் தடையில்லாமல் இறங்கியது, கரிமப் பொருள்கள் கடலில் சேர்ந்து சேர்ந்து கடலே சூடான நீர்த்த சூப்பாக மாறியது என்றார் ஹால்டேன். இந்த ஹால்டேன் நமக்கு அந்நியர் இல்லை. 1957இல் கல்கத்தாவுக்கு வந்து இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேஸ்வரில் இறந்தார். உடலை மருத்துவ மாணவர்களுக்கு எழுதி வைத்திருந்ததால் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அது போய்ச் சேர்ந்தது. எண்ணூர் வழியாக ஓடும் பக்கிங்காம் கால்வாயில் ஒரு காலத்தில் காக்கிநாடா வரை படகு போகும்.

பிறகு மில்லர். 1952இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற ஆராய்ச்சி மாணவர், ஹெரால்டு யூரேயின் மேற்பார்வையில் அந்த நாலு பொருளையும் ஒரு கண்ணாடிச் சுற்றுக்குள் அடைத்தார். கீழ்க் குடுவையில் தண்ணீர் கொதிக்கும்; ஆவி மேல் குடுவைக்குப் போய் வாயுக்களோடு கலக்கும்; அங்கே மின்னலுக்குப் பதிலாக இரண்டு மின்முனைகளுக்கு நடுவே இடைவிடாத தீப்பொறி; குளிர்ந்து சொட்டுவது மறுபடி கீழே. முதல் நாள் முடிவில் தண்ணீர் இளஞ்சிவப்பானது. ஒரு வாரத்தில் அடர்சிவப்பாகிக் கலங்கிப்போனது. வடிதாளில் ஊறவிட்டு, அமினோ அமிலத்தைக் காட்டிக்கொடுக்கும் நின்ஹைட்ரின் தெளித்ததும் ஊதாப் புள்ளிகள்: கிளைசின், அலனின். புரதத்தின் உறுப்புகளான அமினோ அமிலங்கள். கட்டுரை 1953 மே மாதம் வெளியானது. நோபல் பரிசு பெற்ற யூரே தன் பெயரை அதில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போட்டால் பையனுக்குப் பேர் கிடைக்காது என்று. அதற்கு மூன்று வாரம் முன்புதான் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை வெளியிட்டிருந்தார்கள். அந்த ஒரே வசந்தத்தில் உயிரின் ரகசியம் பிடிபட்டுவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

நம் பாடப்புத்தகம் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடுகிறது. அதுதான் எனக்கு வருத்தம். மில்லருக்குப் பிறகு எழுபது ஆண்டுகளில் நடந்ததுதான் இந்தக் கதையின் சுவையான பகுதி.

முதலில், அந்தக் குடுவைக் காற்று தவறு என்று ஆனது. ஆதி பூமியின் காற்றில் மீத்தேனும் அமோனியாவும் அவ்வளவு இருந்திருக்காது, எரிமலைகள் கக்கிய கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும்தான் பெரும்பகுதி என்று புவிவேதியியலாளர்கள் வாதிட்டார்கள். அந்தக் கலவையில் தீப்பொறி விட்டால் கிடைப்பது சொற்பம். பிறகு ஊசல் கொஞ்சம் திரும்பியது. மில்லர் 2007இல் இறந்த பின், அவருடைய மாணவராக இருந்த ஜெஃப்ரி பாடா, ஐம்பது ஆண்டுகளாகப் பெட்டியில் கிடந்த பழைய சோதனைக் குப்பிகளை நவீனக் கருவிகளில் போட்டுப் பார்த்தார். எரிமலை ஆவியைப் போல நீராவியைப் பீய்ச்சும் ஒரு மாற்று அமைப்பையும் மில்லர் அப்போதே செய்து பார்த்திருந்தார். அந்தக் குப்பிகளில் 22 அமினோ அமிலங்கள் இருந்தன. இன்னொரு வேடிக்கை 2021இல் வெளியானது. கண்ணாடிக் குடுவைக்குப் பதிலாக டெஃப்லான் கலத்தில் அதே சோதனையைச் செய்தால் விளைச்சல் குறைகிறது. காரமான நீர் கண்ணாடியை அரித்து வெளியேற்றும் சிலிக்காவும் வேதிவினையில் பங்கெடுத்திருக்கிறது. மில்லர் தனக்கே தெரியாமல் குடுவைக்குள் பாறையையும் சேர்த்திருந்தார் என்று சொல்லலாம்.

எல்லாவற்றையும் மிஞ்சியது வானத்திலிருந்து விழுந்தது. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் உடைந்து சிதறியது. பொறுக்கிச் சேர்த்தது சுமார் 100 கிலோ. அதை நாசாவில் ஆராய்ந்த குழுவின் தலைவர் சிரில் பொன்னம்பெருமா, இலங்கையின் காலியில் பிறந்து, 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பி.ஏ. முடித்தவர். கல்லில் அமினோ அமிலங்கள் இருந்தன. யாரோ கைபட்டு ஒட்டியதாக இருந்தால்? அதற்குப் பதில் அந்த மூலக்கூறுகளிலேயே இருந்தது. அமினோ அமிலம் இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவில் வரும். பூமியின் உயிர்கள் புரதத்துக்கு இடக்கையை மட்டுமே பயன்படுத்துகின்றன. கல்லில் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி இருந்தன. மனிதக் கையின் வியர்வையில் அப்படி வராது. பிற்பாடு எண்ணிக்கை எழுபதைத் தாண்டியது. இதற்கிடையே 1961இல் ஜுவான் ஓரோ, கொடிய விஷமான ஹைட்ரஜன் சயனைடை அமோனியா நீரில் சூடாக்கியே அடினைன் செய்து காட்டியிருந்தார். நம் டி.என்.ஏ.வின் நாலு எழுத்துகளில் ஒன்று அது.

ஆகவே என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சரக்குக்குப் பஞ்சமே இல்லை. காற்றில் கிடைக்கும், கல்லில் கிடைக்கும், விண்வெளியில் கிடைக்கும். சிக்கல் எல்லாம் அவற்றைக் கோப்பதில் இருக்கிறது. மில்லரின் குடுவையில்கூட கார்பனில் பெரும்பங்கு அமினோ அமிலமாக ஆகவில்லை. அடிப்பிடித்த பாயசம் மாதிரி பழுப்பான பிசினாக ஒட்டிக்கொண்டது. வெறுமனே ஆற்றலைக் கொட்டினால் முடிவு பிசின்தான்.

கோப்பதில் முதல் எதிரி தண்ணீர். கேட்க விந்தையாக இருக்கும், தண்ணீர் இல்லாமல் உயிர் இல்லையே. ஆனால் இரண்டு அமினோ அமிலங்கள் இணையும்போது அவற்றிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். டி.என்.ஏ.வுக்கு உறவான ஆர்.என்.ஏ. சங்கிலியின் கண்ணிகள் இணையும்போதும் அதே கதை. சுற்றிலும் தண்ணீராகவே இருந்தால் அந்த வினை முன்னால் நகராது. இணைந்ததும் மெல்லப் பிரிந்துவிடும். ஹால்டேனின் சூப்பில் கோடி ஆண்டு ஊறினாலும் சங்கிலி நீளாது. கடலின் பரப்பில் கரைந்தால் செறிவும் இல்லை.

இரண்டாவது சிக்கல் கோழியா முட்டையா என்பது. புரதம் செய்ய டி.என்.ஏ.வில் குறிப்பு வேண்டும். அந்தக் குறிப்பைப் படிக்கவும் நகலெடுக்கவும் புரதம் வேண்டும். எது முதலில்? 1960களின் கடைசியில் கார்ல் வோஸ், பிரான்சிஸ் கிரிக், லெஸ்லி ஆர்கெல் மூவரும் தனித்தனியாக ஒரே பதிலை ஊகித்தார்கள்: இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஆர்.என்.ஏ. தானே குறிப்பாகவும் தானே வேலைக்காரனாகவும் இருந்திருக்கலாம். ஆதாரம் 1982இல் வந்தது. டெட்ராஹைமெனா என்ற குட்டைநீர் ஒருசெல் உயிரியில், புரதத்தின் துணையே இல்லாமல் ஓர் ஆர்.என்.ஏ. தன்னைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்வதைத் தாமஸ் செக் கண்டார். அடுத்த ஆண்டு சிட்னி ஆல்ட்மன் இன்னொரு எடுத்துக்காட்டைக் காட்டினார். 1989இல் இருவருக்கும் வேதியியல் நோபல்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று நம் உடம்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் புரதம் கோக்கும் ரைபோசோமின் அணு அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009 நோபல் மூவருக்குப் பகிரப்பட்டது: சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத். ராமகிருஷ்ணன் ஆராய்ந்தது குறிப்பைப் படிக்கும் சிறிய பாதியை. பெரிய பாதியில், இரண்டு அமினோ அமிலங்கள் கைகோக்கும் அந்தச் சரியான இடத்தை ஸ்டைட்ஸின் குழு 2000இல் பார்த்தபோது, அங்கே அருகில் புரதமே இல்லை. வினையை நடத்துவது ஆர்.என்.ஏ. நீங்கள் காலையில் சாப்பிட்ட இட்லியின் உளுந்திலிருந்து வந்த அமினோ அமிலத்தை உங்கள் தசையாகக் கோப்பது, நானூறு கோடி ஆண்டுக்கு முந்தைய ஓர் ஆர்.என்.ஏ. இயந்திரத்தின் வாரிசு. புரதங்கள் அதன் ஓரங்களில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

ஆனால் ஆர்.என்.ஏ. எப்படி வந்தது? அதன் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சர்க்கரை, ஒரு காரமூலம், ஒரு பாஸ்பேட் சேர்ந்தது. சர்க்கரையைத் தனியாக, காரமூலத்தைத் தனியாகச் செய்து ஒட்ட முயன்று வேதியியலாளர்கள் பல பத்தாண்டுகள் தோற்றார்கள். 2009இல் ஜான் சதர்லேண்டின் குழு குறுக்குவழி ஒன்றைக் கண்டது. இரண்டையும் தனித்தனியாக முடிக்காமல், பாதி வழியிலேயே இணைத்து, பாஸ்பேட்டை வினைக்குள் ஆரம்பத்திலேயே இறக்கினார்கள். கடைசியில் புற ஊதாக்கதிர் வேண்டாத துணைப்பொருள்களை அழித்துத் தேவையானதை மிச்சம் வைத்தது. ஆர்.என்.ஏ.வின் நாலு எழுத்துகளில் இரண்டு இப்படிக் கிடைத்தன. 2015இல் அதே குழு ஹைட்ரஜன் சயனைடு, ஹைட்ரஜன் சல்பைடு, புற ஊதாக்கதிர் ஆகியவற்றைக் கொண்டு ஆர்.என்.ஏ., புரதம், கொழுப்பு மூன்றுக்குமான மூலப்பொருள்களுக்கு ஒரே வேதிக்கிளையிலிருந்து வழி காட்டியது. நம் மூக்கைப் பொத்த வைக்கும் அழுகின முட்டை நாற்றம்தான் அந்த ஹைட்ரஜன் சல்பைடு. புற ஊதாக்கதிர் வேண்டும், நீர் வற்ற வேண்டும் என்பதால் இந்த வேதியியலுக்குக் கடல் ஆகாது, கரை வேண்டும்.

இங்கேதான் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு முகாமாகப் பிரிகிறார்கள்.

கடல் முகாமைப் புரிந்துகொள்ள எண்ணூர்க் கழிமுகத்தில் தண்ணீர் வற்றும் நேரத்தில் இறங்க வேண்டும். மேலே ஒரு விரற்கடை அளவுக்குப் பழுப்புச் சேறு. கட்டைவிரலால் கிளறினால் உள்ளே மை போலக் கறுப்பு. நாற்றம் குபீரென்று ஏறும். சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு நாள் முழுக்க இருக்கும். (2023 டிசம்பர் வெள்ளத்தில் பரவிய எண்ணெய்ப் படலத்தின் கறுப்பு வேறு, அது சோப்புக்கும் போகாது.) கடல்நீரின் சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன, அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து கரிய இரும்பு சல்பைடாகிறது. இன்னும் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்தால் அது பைரைட் என்ற கனிமமாக மாறும். கூடவே ஹைட்ரஜனும் ஆற்றலும் வெளிப்படும்.

இந்தக் கடைசி வினையைப் பிடித்துக்கொண்டவர் குந்தர் வெஹ்டர்ஷாய்சர். மியூனிக்கில் காப்புரிமை வழக்கறிஞர், படிப்பு வேதியியல். உயிரின் முதல் ஆற்றல் பைரைட் உருவாகும் வினையிலிருந்து வந்தது, முதல் வளர்சிதைமாற்றம் இரும்பு சல்பைடின் பரப்பில் நடந்தது என்று 1988இல் எழுதினார். மரபணு பிறகு வரட்டும், முதலில் அடுப்பு எரியட்டும் என்பது இந்த முகாமின் நிலை. நம் கழிமுகத்தில் பாக்டீரியா செய்யும் ஹைட்ரஜன் சல்பைடை ஆதிக் கடலில் பூமியே கக்கிக்கொண்டிருந்தது. 1977இல் கலபகோஸ் அருகே ஆழ்கடலில் வெந்நீர் ஊற்றுகளையும், வெளிச்சமே எட்டாத அங்கே செழித்திருந்த உயிர்க்கூட்டத்தையும் ஆல்வின் நீர்மூழ்கி கண்டிருந்ததால் இது வெற்று ஊகமாகப் படவில்லை.

ஆனால் இவ்வகை ஊற்றுகளில் மிகச் சூடானவை 350 டிகிரியைத் தாண்டும். கரிமப் பொருள் தாங்காது. மைக்கேல் ரஸல் வேறு வகை ஊற்று இருக்க வேண்டும் என்றார்: வெதுவெதுப்பானது, காரத்தன்மை கொண்டது, கடல்நீர் ஒலிவின் என்ற கனிமம் நிறைந்த பாறையோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைத் தருவது. 2000 டிசம்பரில் அட்லாண்டிக் நடுவே அப்படியே ஒன்று கிடைத்தது. லாஸ்ட் சிட்டி என்று பெயர் வைத்தார்கள். 40 முதல் 90 டிகிரி வெப்பம், 60 மீட்டர் உயரம் வரை வெள்ளைச் சுண்ணாம்புக் கோபுரங்கள், உள்ளே நுண்துளைகள். ஆதிக் கடலில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருந்ததால் அது லேசான அமிலம். ஊற்று நீர் காரம். துளைகளின் மெல்லிய சுவருக்கு வெளியே புரோட்டான் அதிகம், உள்ளே குறைவு. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், பாக்டீரியாவிலிருந்து மனிதர் வரை ஏறக்குறைய எல்லாச் செல்லும் பெருமளவு ஆற்றல் எடுப்பது சவ்வின் ஒரு பக்கம் புரோட்டானைக் குவித்து அது திரும்பப் பாய்வதிலிருந்துதான். 1961இல் பீட்டர் மிட்செல் இதைச் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு; 1978இல் அவருக்கு நோபல். இவ்வளவு சுற்றிவளைத்த ஏற்பாட்டை எல்லா உயிரும் ஏன் வைத்திருக்கிறது? அது பிறந்த இடத்திலேயே இலவசமாகக் கிடைத்தது என்கிறார்கள் வில்லியம் மார்ட்டினும் நிக் லேனும். 2020இல் மார்ட்டினின் குழு, ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் இரும்புக் கனிமங்களோடு 100 டிகிரி நீரில் ஓர் இரவு வைத்து, அசிட்டேட், பைருவேட் போன்ற சிறு கரிமப் பொருள்கள் வரை பெற்றது. இன்றைய சில நுண்ணுயிர்கள் நொதிகளைக் கொண்டு செய்யும் அதே வேலை.

அழகான கருத்து. ஆனால் ஆர்.என்.ஏ.வின் ஒரே ஒரு எழுத்தைக்கூட ஊற்றுச் சூழலில் யாரும் திருப்தியாகச் செய்து காட்டவில்லை. தண்ணீர்ப் பிரச்சினையும் அங்கே முழுசாக இருக்கிறது.

கரை முகாம் டார்வினின் குட்டைக்கே திரும்புகிறது, எரிமலை நிலத்துக் குட்டையாக. மழை நிரப்பும், வெயில் வற்றவைக்கும், ஊற்று மறுபடி நனைக்கும். வற்றும்போது பொருள்கள் செறிந்து நீர் வெளியேறிச் சங்கிலி கோக்கும். நனையும்போது கொழுப்பமிலங்கள் தாமாகவே குமிழ்களாகி அந்தச் சங்கிலிகளை உள்ளே பிடித்துக்கொள்ளும். கலிபோர்னியாவில் டேவிட் டீமர் பல ஆண்டுகளாக இதைச் செய்து பார்க்கிறார். மர்ச்சிசன் கல்லிலிருந்து பிரித்த பொருள்களே குமிழ்களாவதையும் காட்டியவர் அவர். அவரோடு 2008இல், கொழுப்பு அடுக்குகளுக்கு இடையே நனைத்துக் காயவைத்தால் ஆர்.என்.ஏ. போன்ற சங்கிலி உருவாவதைக் காட்டிய சுதா ராஜமணி இப்போது புனே ஐசர் நிறுவனத்தில் இதே ஆய்வைத் தொடர்கிறார்.

நனைவதும் காய்வதும்தான் வேண்டுமென்றால் அத்திப்பட்டு உப்பளம் போதாதா என்று தோன்றும். சுருங்கிப்போய் மிச்சமிருக்கும் பாத்திகளில் இன்றும் வரிசை மாறாமல் அது நடக்கிறது: கடல்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம், செறிவு பாமே அளவில் 25 டிகிரியைத் தாண்டினால் உப்பு, கடைசியில் கசப்பான மக்னீசிய நீர் மிஞ்சும். உயிர் தோன்ற இது உதவாது. கால்சியமும் மக்னீசியமும் கொழுப்பமிலக் குமிழ்களைத் திரிய வைத்துவிடும், சோப்பு நுரைக்காத கடினநீரில் நடக்கும் அதே வேதியியல். கரை முகாம் நன்னீர்க் குட்டையைக் கேட்பது இதனால்தான். நம் செல்களுக்குள் சோடியத்தைவிடப் பொட்டாசியம் அதிகம், கடலில் நேர் எதிர் என்பதையும் அவர்கள் எடுத்துப் போடுவார்கள். கடல் முகாமும் சும்மா இல்லை. பலவகைக் கொழுப்புகளைக் கலந்தால் உப்புக் காரநீரிலும் குமிழ் நிற்கும் என்று லேனின் குழு 2019இல் காட்டியது.

என்னைக் கேட்டால் கரை முகாமின் வேதியியல் பலமானது, கடல் முகாமின் கேள்வி பலமானது. குட்டையில் ஆர்.என்.ஏ. கோத்துவிடலாம், ஆனால் மூலப்பொருளை யாரோ கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தன் சாப்பாட்டைக் காற்றிலிருந்தும் கல்லிலிருந்தும் தானே எடுக்கும் அமைப்பு எப்போது, எங்கே வந்தது என்பதற்குக் குட்டையில் பதில் இல்லை. இரண்டையும் சேர்த்து நிலத்து வெந்நீர் ஊற்றுக்குள் அடக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

வேற்றுலகிலிருந்து உயிரே விதையாக வந்து விழுந்தது என்ற அர்ரேனியஸ் காலத்துக் கருத்தையும் சொல்லிவிட வேண்டும். பின்னாளில் வானியலாளர்கள் ஹாய்லும் விக்ரமசிங்கேவும் அதைப் பிடிவாதமாகப் பேசினார்கள். கேள்வியை வேறு முகவரிக்கு அனுப்புவதைத் தவிர அது எதையும் தீர்ப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். உயிரின் மூலப்பொருள் விண்ணிலிருந்து வந்தது என்பது வேறு, அதற்குச் சான்று குவிகிறது. பென்னு என்ற குறுங்கோளிலிருந்து நாசா விண்கலம் 2023 செப்டம்பர் 24 அன்று 121.6 கிராம் மண்ணைக் கொண்டுவந்து இறக்கியது. 2025 ஜனவரியில் வந்த முடிவுகள்: உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14, டி.என்.ஏ.வுக்கும் ஆர்.என்.ஏ.வுக்குமான ஐந்து காரமூலங்களும், நிறைய அமோனியா. இடக்கையும் வலக்கையும் சரிபாதி; அதனால் நாம் ஏன் இடக்கைக்காரர்களானோம் என்ற புதிர் இன்னும் இறுகியது. கூடவே உப்புகள். பென்னுவின் தாய்க்கோளில் எப்போதோ உப்புநீர் மெல்ல வற்றி, பாத்தியில் போலவே ஒவ்வொன்றாகப் படிந்துபோன கார்பனேட்டுகளும் சோடியம் குளோரைடும்.

ஆர்.என்.ஏ.வுக்கு வேண்டிய பாஸ்பேட்டின் கதையும் இதோடு சேரும். பூமியில் அது கால்சியத்தோடு கல்லாகப் பூட்டிக்கிடக்கும், கரைவதில்லை. கார்பனேட் மிகுந்த சோடா ஏரிகள் வற்றும்போது கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடுவதால் பாஸ்பேட் தண்ணீரிலேயே செறிந்து நிற்கும் என்று 2020இல் காட்டப்பட்டது. எந்த உப்பு முதலில் படிகிறது என்பதே இங்கே தீர்ப்பு சொல்கிறது. உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்றைய நிலவரப்படி ஆய்வகத்தில் எட்டாத படி ஒன்று இருக்கிறது: தன்னைத் தானே முழுதாக நகலெடுக்கும் ஆர்.என்.ஏ. நெருங்கிவிட்டார்கள். 2024இல் ஜெரால்டு ஜாய்ஸின் குழு, இன்னொரு சிறு ஆர்.என்.ஏ. நொதியைத் தலைமுறை தலைமுறையாகப் பிழை குறைத்து நகலெடுத்து, அந்த நகல்கள் பரிணாமம் அடையும் அளவுக்குத் திறமை வாய்ந்த ஓர் ஆர்.என்.ஏ.வை வெளியிட்டது. அது எடுப்பது தன்னைவிடச் சிறிய ஒன்றின் நகல். தன் நீளத்துக்குத் தன்னையே எடுக்க, பிழை இன்னும் குறைய வேண்டும். வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைகளில் இரண்டு பேர் இப்போது கல்லூரியில் வேதியியல் படிக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்லி வைத்திருப்பது இந்த ஒரு சோதனையைத்தான்.